காட்டிக்கொடுத்தவள்

அந்தப் பாறையை நான்தான் காட்டிக்கொடுத்தேன். பழியை வேறு யார் தலையிலாவது போட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்க்கவில்லை. காணிக்காரப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் எனக்குக் காட்டினார். நான் காட்டிக்கொடுத்தேன். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருஷம் பிடித்தது. தெரிந்தபோது பாறையில் ஒன்றும் மிச்சமில்லை.

பொதிகைச் சரிவில் ஓர் இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆற்றுக்கு மேலே, எந்தக் குடியிருப்பிலிருந்து எத்தனை மணி நேர நடை, எத்தனை மீட்டர் உயரம் என்பதெல்லாம் இங்கே வராது. செடியின் பெயரையும் சொல்ல மாட்டேன். காசித்தும்பை வகைச் செடி, அது போதும். பெயரைச் சொன்னால் நாளைக்கே தேடிக்கொண்டு வருவார்கள். பெரியவரின் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் குடியிருப்பு தெரியும், குடியிருப்பு தெரிந்தால் பாறை தெரியும். அவர் பெயர் வரவேண்டிய இடம் ஒன்று இருந்தது. அங்கே வரவில்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் என்னை இதை எழுதவைக்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து மலையடிவாரத்தில் இறங்குவேன். தோளில் செடி அழுத்துகிற மரச்சட்டம், ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள், பையில் கேம்பிள் தொடங்கிய மதராஸ் மாகாணத் தாவர நூலின் ஜெராக்ஸ். 1915-ல் வெளிவரத் தொடங்கி 1936-ல் முடிந்த புத்தகம். அதைப் புரட்டாமல் எங்களுக்கு இன்றைக்கும் ஒரு செடி நகராது. பெரியவர் கூட வருவார். கூலியை வாங்கி மடியில் செருகிக்கொள்வார், ஆனால் கூலிக்கு வந்தவர் மாதிரி ஒருநாளும் நடந்ததில்லை. எந்தச் செடி முன்னால் நான் நின்றாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "இத எழுதிட்டியளா டீச்சர்?" செடியைத் தாளுக்கு நடுவில் வைத்து, சீட்டில் இடமும் தேதியும் குறிப்பதற்கு அவர் வைத்த பெயர் எழுதுவது.

2009, ஆடி மாசம். விடாத சாரல். அட்டை கடித்துக் கால் முழுக்க ரத்தம். தடத்தை விட்டு விலகி ஈரப் பாசியில் சறுக்கிச் சறுக்கிக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பாறைச் சுவர், மேலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. அந்தக் கசிவில் ஒட்டிக்கொண்டு இதய வடிவ இலைகள். ஒவ்வொரு இலைக்கும் நடுவிலிருந்து நூல் மாதிரி ஒரு தண்டு, அதன் நுனியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ. பூவுக்குப் பின்னால் வளைந்து தொங்கும் வால். எண்ணிப் பார்த்தேன். இருநூறுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அந்தச் சுவரைத் தவிர வேறெங்கும் இல்லை என்றார்.

"இத எழுதிட்டியளா?"

எழுதவில்லை. நான் மட்டுமில்லை, யாருமே எழுதவில்லை என்று எனக்கு அப்போதே உள்ளுக்குள் தட்டியது. பெரியவருக்கோ அது புதுச்செடி இல்லை. "இது பூ விட்டா மழ இப்பத்திக்கு விடாதுன்னு எங்க அப்பன் சொல்லும்," என்றார். அதற்கு அவர்கள் மொழியில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரிலிருந்தே அறிவியல் பெயரையும் எடுத்து வைக்க வேண்டும் என்று அன்றைக்கே, அந்த மழையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

பிறகு ஏன் உடனே எழுதவில்லை என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. கேட்பவர்களுக்கு இந்த வேலை தெரியாது. காசித்தும்பைப் பூவைத் தாளில் வைத்து அழுத்தினால் இதழெல்லாம் குழைந்து ஒன்றாகிவிடும். சாராயக் கரைசலில் தனியே போட்டு வைக்க வேண்டும். காய் பார்க்க இன்னொரு மழைக்காலம் காத்திருக்க வேண்டும், தொட்டால் வெடித்துச் சிதறும் காய் அது. அதன் பிறகு இருக்கிறது பெரிய வேலை. இதற்கு முன்னால் வேறு யாராவது வேறு பெயரில் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க, வைட், பெட்டோம் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போன, பெயருக்கு ஆதாரமான மூல மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். அவை எங்கே இருக்கின்றன? லண்டன் க்யூ தோட்டத்து அலமாரியில், எடின்பரோவில். எங்கள் மலையில் பறித்ததை எங்கள் மலையில் உட்கார்ந்து சரிபார்க்க எனக்கு வழியில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கப்பலேறிய செடியின் படத்துக்காக மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க வேண்டும். நடுவில் விடைத்தாள், கல்லூரியைத் தரம் பார்க்கும் நாக் குழு வருகை, வீட்டில் மாமியாருக்குப் பக்கவாதம். மூன்று வருஷம் போய்விட்டது. சோம்பலில் போகவில்லை. தப்பாக எழுதிவிடக் கூடாதே என்ற பயத்தில் போனது.

அந்தக் காத்திருப்பில்தான் அவர் வந்தார். ஐரோப்பாவில் ஒரு தோட்டத்தோடு தொடர்புள்ளவர். காசித்தும்பை வகைகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. நான் கேட்ட பழைய பக்கங்களை எல்லாம் ஒளிநகல் எடுத்து அனுப்பினார். இரண்டு வருஷம் கடிதம். என் மகன் வேலைக்குச் சேர்ந்ததற்கு வாழ்த்துச் சொன்னார். நானும் மனசைத் திறந்து எழுதினேன், படம் அனுப்பினேன். புதுச்செடி என்று நினைக்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவருடைய பதில் ஒரே வரி: நான் நேரில் பார்க்க வேண்டும்.

2012-ல் சுற்றுலா விசாவில் வந்தார். இனிமேல் சொல்லப் போவதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. காட்டுக்குள் போக நான் வாங்கியிருந்த அனுமதிக் கடிதத்தில் எனக்கும் இரண்டு உதவியாளர்களுக்கும் இடம் இருந்தது. அதில் ஓர் இடத்தில் அவரை எழுதினேன். உதவியாளர் என்று. என் கையால், என் பேனாவால், பொய். சட்டம் எனக்குத் தெரியாதா? 2002-ன் பல்லுயிர்ச் சட்டத்தை வகுப்பில் பாடமாக நடத்தியவள் நான். வெளிநாட்டவர் ஒருவர் இங்கிருந்து ஓர் உயிரினத்தை ஆய்வுக்கு எடுக்க வேண்டுமானால் சென்னைத் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள். அவர் எதையும் எடுக்கப் போவதில்லை, பார்க்கத்தானே வருகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரும் அப்படித்தான் சொன்னார். ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்க மாட்டேன் என்றார்.

பாறை முன்னால் போனதும் அந்த மனிதர் மண்டியிட்டார். கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. நம்மைப் போல ஒருத்தர் என்று நினைத்தேன். அந்தக் கண்ணீர் பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். உண்மையாகவே அழுதவர் எப்படி அதைச் செய்தார்? இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

அன்று ராத்திரி குடியிருப்பில் தங்கினோம். பெரியவர் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்துக் கட்டன் சாயாவோடு கொடுத்தார்கள். வந்தவர் இலையில் வாங்கிச் சாப்பிட்டார். தலையில் மாட்டுகிற விளக்கு ஒன்று வைத்திருந்தார், அதைக் கழற்றிப் பெரியவருக்குக் கொடுத்தார். பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாப்பிட்ட பிறகு தவளைச் சத்தம் கேட்கப் போகிறேன் என்று சின்ன டார்ச்சோடு தனியே போனார். ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். முழங்கால் வரை சேறு. நான் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வகைச் செடிக்கு அடியில் கிழங்கு உண்டு. கொண்டைக்கடலை அளவு. கோடையில் இலை காய்ந்துபோனாலும் கிழங்கு உறங்கிக் கிடந்து அடுத்த மழையில் துளிர்க்கும். மண்ணைத் தட்டிவிட்டால் ஒரு காலுறைக்குள் ஐம்பது கிழங்கு போகும். விமான நிலையத்தில் எந்த இயந்திரம் அதைக் காட்டும்? இதெல்லாம் பிறகு தோன்றியது.

2014-ல் ஒரு நாள். தேர்வறையில் மேற்பார்வைக்கு நின்றுகொண்டிருந்தேன். பழைய மாணவி ஒருத்தி போனில் ஒரு கட்டுரையை அனுப்பியிருந்தாள். 'மேடம், உங்க செடி மாதிரி இருக்கு' என்று எழுதியிருந்தாள். வெளியே வந்து வராந்தாவில் நின்று திறந்தேன். என் செடி. என் பாறையில் நான் பார்த்த அதே வால், அதே இலை. புதிய இனம் என்று அறிவிப்பு. ஒரு கண்ணாடி வீட்டில் பூத்த செடியிலிருந்து எடுத்த மாதிரிதான் மூல மாதிரி. கண்ணாடி வீட்டுக்குப் பணம் கொடுத்த ஒருவரின் பெயர் செடிக்கு. அந்தக் கொடையாளர் எங்கள் மலையைப் படத்தில்கூடப் பார்த்திருப்பாரோ தெரியாது. பிறப்பிடம் தென்னிந்தியா என்று போட்டு, கூடவே ஆற்றின் பெயரும் உயரமும். சேகரித்தவர் என்ற இடத்தில், தெரியவில்லை என்று ஒரு சொல்.

தெரியவில்லையா?

கிழங்கு அவித்துக் கொடுத்த அந்த அம்மாவைத் தெரியவில்லையா? முன்னால் நடந்து கொடியை வெட்டி வழிவிட்டவரைத் தெரியவில்லையா? அவர் தலையில் உன் விளக்கை நீயே மாட்டிவிட்டாயே, அதுவுமா தெரியவில்லை? தெரியும் என்று எழுதினால் அனுமதி எங்கே என்று யாராவது கேட்பார்கள். அதனால் ஒரு மனிதரையே இல்லாமல் ஆக்கிவிட்டாய்.

இனி இந்தத் துறையின் சட்டத்தைச் சொல்கிறேன். வெளியே இருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு செடிக்கு வைத்த பெயர் செல்ல வேண்டுமென்றால் முறைப்படி வெளியாக வேண்டும். செடியின் விளக்கம் 1935 முதல் 2011 வரை லத்தீனில் இருந்தே ஆக வேண்டியிருந்தது, 2012 முதல் லத்தீன் அல்லது ஆங்கிலம். தமிழில் எழுதினால் செல்லாது, மலையாளத்தில் எழுதினாலும் செல்லாது. மூல மாதிரி ஒன்று ஏதாவது ஒரு தாவர மாதிரிக் காப்பகத்தில் இருக்க வேண்டும். யார் முதலில் வெளியிடுகிறாரோ அவர் வைத்த பெயரே நிற்கும். இவ்வளவுதான். செடியை எப்படி எடுத்தாய், யாரைக் கேட்டு எடுத்தாய் என்று விதி கேட்பதே இல்லை. திருடி வந்த செடிக்கு வைத்த பெயரும் நல்ல பெயர்தான். நாளைக்கு நான் உண்மையான இடத்தையும் உண்மையான மனிதரையும் சொல்லி அதே செடிக்குப் பெரியவர் மொழியில் பெயர் வைத்தால், விதிப்படி அது வேண்டாத இரட்டைப் பெயர். குப்பை.

கட்டுக்கதை சொல்லவில்லை. பெரு நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2002 மே மாதம் மைக்கேல் கோவாச் என்ற அமெரிக்கர் அங்கே சாலையோரத்தில் ஓர் ஆர்க்கிட் வாங்கினார். உள்ளங்கையைவிடப் பெரிய ஊதாப் பூ, உலகம் அதுவரை பார்க்காதது. உரிய அனுமதி இல்லாமல் புளோரிடாவில் இருக்கும் செல்பி தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். ஜூன் மாதமே ஃபிராக்மிபீடியம் கோவாச்சி என்று அவர் பெயரிலேயே அச்சாகிவிட்டது. பெருவின் பெயரைச் சேர்த்து இன்னொரு தாவரவியலாளர் எழுதிய கட்டுரை சில நாள் பிந்திப்போனது. வழக்கு நடந்தது. தோட்டத்துக்கு ஐயாயிரம் டாலர் அபராதம். 2004-ல் கோவாச்சுக்கு ஆயிரம் டாலர் அபராதமும் இரண்டு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும். குற்றம் என்று நீதிமன்றமே சொல்லியாயிற்று. பெயர் போயிற்றா? போகவில்லை. இன்றைக்கும் கோவாச்சிதான். செடி இருந்த இடத்தைச் சேகரிப்பாளர்கள் வழித்தெடுத்தார்கள். பெருவில் யாரோ ஒருத்தியும் என்னைப் போலத்தான் ஒரு வராந்தாவில் நின்று அந்தப் பெயரைப் படித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

என் செடியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு எழுதினேன். என் படங்கள், குறிப்பேட்டின் தேதி, மின்னஞ்சல்கள் அத்தனையும் வைத்து எழுதினேன். உதவியாளர் என்று நான் எழுதிய பொய்யையும் மறைக்கவில்லை. நாலு மாசம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. உங்கள் வருத்தம் புரிகிறது, பெயர் விதிப்படி வெளியிடப்பட்டுள்ளது, இதில் நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இங்கே ஓர் அலுவலகத்துக்கும் எழுதினேன். அங்கிருந்து விசாரணை வந்தது, என் மேல். அதில் நியாயம் இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன். என் அனுமதி ரத்தாயிற்று, அதையும் ஏற்றுக்கொண்டேன். ஆனால் பெரியவரை எதற்குக் கூப்பிட்டார்கள்? எழுபது வயசு மனிதரை மூன்று நாள் நடக்கவிட்டு, பெஞ்சில் உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்து, எவ்வளவு வாங்கினாய் என்று எதற்குக் கேட்டார்கள்? எடுத்துக்கொண்டு போனவரை யார் கேட்டார்கள்? அவர் அடுத்த வருஷம் வேறொரு நாட்டு மலையில் நின்று படம் போட்டிருந்தார்.

ஆற்றின் பெயரும் உயரமும் அச்சில் வந்துவிட்டதல்லவா, அடுத்த சாரலில் ஆட்கள் வந்தார்கள். யார் அனுப்பியவர்கள் என்று தெரியாது. அடிவாரத்தில் பையன்களிடம் படத்தைக் காட்டி, கிழங்குக்கு இவ்வளவு என்று விலை பேசினார்கள். நூறு ரூபாய் என்றால் அந்தப் பையன்களுக்கு ஒரு நாள் சோறு. அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். 2017-ல் ஒரு மாணவி உரிய அனுமதியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பாசியைக்கூடச் சுரண்டியிருந்தார்களாம். பாறை மொட்டையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

இந்த மலைக்கு இது புதிதா? மஞ்சள் பூவில் கருங்கோடு ஓடும் பாதணி ஆர்க்கிட் ஒன்று இந்தத் தென்கோடி மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1865-ல் கர்னல் ட்ரூரி கண்ணில் பட்டது, அவர் பெயரே அதற்கு. பாபியோபெடிலம் ட்ரூரியி. ஆர்க்கிட் வியாபாரத்துக்கு அள்ளியதிலும் காட்டுத்தீயிலும் அழிவின் விளிம்புக்குப் போய், இன்று மிக ஆபத்தான நிலைப் பட்டியலில் இருக்கிறது. வியட்நாமில் ஒரு பாதணி ஆர்க்கிட்டுக்கு 1999-ல் அந்த நாட்டின் பெயரையே வைத்தார்கள். சில வருஷத்துக்குள் அந்த நாட்டுக் காட்டில் அது அநேகமாக அற்றுப்போயிற்று. பெயர் வைத்ததும் விலை வைத்தார்கள். விலை வந்ததும் வேரோடு போயிற்று.

பழைய காலத்து வெள்ளைக்காரர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடாது. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த ஹோர்துஸ் மலபாரிக்கஸ் 1678-லிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான பன்னிரண்டு தொகுதி. செடிகளைச் சொல்லிக்கொடுத்த வைத்தியர் இட்டி அச்சுதனின் வாக்குமூலத்தை முதல் தொகுதியிலேயே அவருடைய சொந்த எழுத்தில் அச்சிட்டார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் பெயர்களும் இருக்கின்றன. மதராஸ் கம்பெனி டாக்டர் ராபர்ட் வைட்டின் நூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். வரைந்து கொடுத்த ரங்கய்யா, கோவிந்து என்ற நம் ஓவியர்களில் கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார். அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை, அது வேறு கதை. அந்த இருவரையும் மறதியிலிருந்து மீட்டுப் புத்தகமாக்கியவர் எடின்பரோ தாவரவியல் பூங்காவின் ஹென்றி நோல்டி. அவரும் வெளிநாட்டுக்காரர்தான். ஆகவே வெளிநாட்டுக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் நான் குற்றவாளி ஆக்கவில்லை. நாடு பிடிக்க வந்தவன் முன்னூறு வருஷத்துக்கு முன்னால் செய்த மரியாதையை, மண்ணுக்குரியவர்களைக் கேட்டு எடு என்று சொல்லும் பல்லுயிர் உடன்படிக்கை 1993-ல் நடைமுறைக்கு வந்து, அதையே வலுப்படுத்தும் நகோயா நெறிமுறை 2014-ல் நடைமுறைக்கு வந்து, அதே 2014-ல் ஒரு படித்த மனிதரால் ஏன் செய்ய முடியவில்லை? அதைத்தான் கேட்கிறேன்.

நாம் மட்டும் யோக்கியமா? இதையும் சொல்லிவிடுகிறேன். இதே மலையின் அந்தப் பக்கம், கேரளத்தில், 1987-ல் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டப் போன காணிகள் களைப்புத் தெரியாமல் நடந்தார்கள். வழியில் ஒரு செடியின் காயை மென்றுகொண்டே நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. மருந்தாயிற்று. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி அறக்கட்டளை வைத்தார்கள். அதில் ஆயிரம் குறை இருந்தது. இருந்தாலும் எடுத்தது யார் சொத்து என்று ஒரு நிமிஷமாவது யோசித்தார்கள். மற்ற நாளெல்லாம் நாம் என்ன செய்கிறோம்? இந்த மலைச் செடிகளைப் பற்றி இந்தியர்கள் எழுதிய எத்தனை கட்டுரையில் காணிக்காரர் பெயர் இருக்கிறது? கடைசியில் நன்றி என்று ஒரு பத்தி. ஓட்டுநருக்குப் பிறகு, வன உதவியாளர்களுக்கு நன்றி. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். பதினொரு கட்டுரை. ஒன்றில்கூடப் பெரியவர் பெயர் இல்லை. கண்ணாடி வீட்டுக்காரரைப் பார்த்துக் கை நீட்டும்போது இந்தப் பதினொன்றும் என் தொண்டையில் நிற்கிறது.

அனுமதி போனபின் குடியிருப்புக்குப் போக எனக்கு வழியில்லை. பெரியவரே ஒருநாள் என் வீடு தேடி வந்தார். 2018, நான் ஓய்வு பெற்ற மாசம். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். மடியிலிருந்து அந்தத் தலை விளக்கை எடுத்தார். "இத அவருகிட்ட குடுத்துருங்க டீச்சர். என்கிட்ட இருக்க வேண்டாம்," என்றார். பிறகு கொஞ்சநேரம் நின்றுவிட்டு, "அத நீங்க எழுதிட்டியளா?" என்று கேட்டார். என்ன சொல்வேன்? அது எழுதியாயிற்று, உங்கள் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை, நீங்கள் வைத்திருந்த பெயரும் இல்லை, செடியும் இல்லை என்றா? எழுதிட்டேன் தாத்தா என்றேன். அதுவும் பொய். அடுத்த வருஷம் இறந்துபோனார். எனக்கு மூன்று மாசம் கழித்துத்தான் தகவல் வந்தது.

பெயர் வைக்கிற பெரியவர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். விதியை மாற்ற முடியாது என்று எனக்கு மூன்று வரியில் எழுதாதீர்கள். 2024-ல் மாட்ரிட்டில் நீங்கள்தான் கூடி, ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்களிலிருந்து நீக்க வாக்களித்தீர்கள். மனசு வைத்தால் மாறுகிறது. கட்டுரை உங்கள் மேசைக்கு வரும்போது இந்தச் செடி எந்த மண்ணிலிருந்து வந்தது, அந்த நாட்டின் அனுமதிக் கடிதம் எங்கே, வழிகாட்டியது யார் என்று கேளுங்கள். கண்ணாடி வீட்டில் பூத்தது என்று யாராவது சொன்னால், கண்ணாடி வீட்டுக்கு யார் கொண்டுவந்தார் என்று கேளுங்கள். அரிய செடி என்றால் ஆற்றின் பெயரையும் உயரத்தையும் அச்சில் போடாதீர்கள், காப்பகத்துச் சீட்டோடு நிற்கட்டும். புதிய இனம் கண்டால் அறிவித்து, மாதிரியை இங்குள்ள காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று எங்கள் பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ம் பிரிவு சொல்கிறது. கோயம்புத்தூரில் மதராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. ஒரு தாள் அங்கே வந்தால் என் மாதிரி ஒரு பைத்தியக்காரி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்வாள்.

2009-ல் நான் அழுத்திய ஒரே ஒரு தாள் என்னிடம் இருந்தது. மற்றதெல்லாம் விசாரணைக்குப் போனது போனதுதான். பழுப்பேறி, இலை ஓரம் உதிர்ந்துபோன அந்தத் தாளுக்குப் போன மாசம் புதுச் சீட்டு ஒட்டினேன். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயருக்கு மேலே பெரியவர் பெயரை எழுதினேன், தமிழில். ஊர்ப்பெயர் என்ற இடத்தில் அவர் சொன்ன அந்தப் பெயரை. கொண்டுபோய்க் காப்பகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அது மூல மாதிரி ஆகாது. விதிப்படி அது வெறும் தாள்.

மூல மாதிரி கண்ணாடி வீட்டுக்காரர்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. சேகரித்தவர் தெரியவில்லை என்ற சீட்டோடு. தெரியும். எனக்குத் தெரியும். கேட்டால் சொல்வேன். பெயரோடு, அப்பா பெயரோடு, அவர் எந்தக் காலை ஊன்றி அந்தச் சறுக்குப் பாறையில் ஏறினார் என்பது வரைக்கும் சொல்வேன். இன்று வரை ஒருத்தரும் கேட்கவில்லை.